பெயர் தமிழ், பேச்சு ஹிந்தி: பிஜித் தீவுகளில் எம்மவர் மொழிக்கு நேர்ந்தது

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தின் 18 நாள் உற்சவம் தீமிதிப்போடு நிறைவுபெறும். அன்று கல்முனைப் பகுதி முழுவதும் சனம் திரண்டு நிற்கும். மஞ்சள் உடுத்து, வேப்பிலை ஏந்தி, பக்தர்கள் தீக்குழியில் இறங்குவதை இந்தக் கரையில் பிறந்த எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்திருப்பார்கள்.

இங்கிருந்து ஏறக்குறைய 11,000 கிலோமீற்றர் தொலைவில், பசுபிக் சமுத்திரத்தின் நடுவே இருக்கும் பிஜி நாட்டிலும் இதே காட்சியைக் காணலாம். தலைநகர் சுவாவில் உள்ள மகாதேவி ஆலயத்தில் ஆண்டுதோறும் மஞ்சள் உடுத்தவர்கள் தணலில் நடக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களைக் கேட்டால் கவுண்டர், பிள்ளை, நாயக்கர், முதலியார், சாமி என்று சொல்வார்கள். ஆனால் தமிழில் நான்கு வார்த்தை பேசுங்கள் என்றால் பெரும்பாலானோரால் முடியாது. அவர்கள் வீட்டில் பேசுவது 'பிஜி ஹிந்தி' என்ற மொழி.

கல்முனைக்குடியிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் இதற்கு நேர்மாறான நிலை உள்ளது. இங்கே பெயர்கள் அரபுப் பெயர்கள். தொழுகையின் மொழி அரபு. ஆனால் உம்மா பிள்ளையைத் தாலாட்டுவதும், சந்தையில் மீனுக்கு விலை பேசுவதும், ஜும்ஆவில் மௌலவி பிரசங்கம் செய்வதும் தமிழில்தான்.

அங்கே பெயர் நின்றது, மொழி போனது. இங்கே பெயர் மாறியது, மொழி நின்றது. இது ஏன் என்று விளங்கிக்கொள்ள, பிஜியின் நிலத்தையும் மக்களையும் மொழிகளையும் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

நிலம்

பிஜி ஒரு தனித்தீவு அல்ல. 300க்கும் மேற்பட்ட தீவுகள் சேர்ந்த நாடு. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தீவுகளில் மட்டுமே மக்கள் நிரந்தரமாக வாழ்கிறார்கள். மொத்த நிலப்பரப்பு ஏறக்குறைய 18,300 சதுர கிலோமீற்றர். அதாவது இலங்கையின் நிலப்பரப்பில் கால்பங்கைவிடச் சற்று அதிகம். 2017ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி சனத்தொகை 884,887. எமது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 2012இல் ஏறக்குறைய ஆறரை இலட்சம் பேர் இருந்தார்கள் என்பதை நினைத்தால், அந்த நாடு எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

இரண்டு தீவுகள் பெரியவை. 'வித்தி லெவு' என்பது ஏறத்தாழ 10,400 சதுர கிலோமீற்றர் கொண்டது. தலைநகர் சுவா அதன் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது. வடக்கே இருக்கும் 'வனுவா லெவு' அதில் பாதியளவு. இவை எரிமலையால் உருவான மலைத் தீவுகள். மிக உயர்ந்த மலையான தொமானிவி 1,324 மீற்றர் உயரம். காற்று தென்கிழக்கிலிருந்து வருவதால் சுவாப் பக்கம் மழை கொட்டும். மலைக்கு மறுபக்கமான மேற்குப் பகுதி வரண்டது. எமது நாட்டில் நுவரெலியாவைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது காணும் வேறுபாடு போன்றது இது.

அந்த வரண்ட மேற்குப் பகுதிதான் கரும்பு நிலம். நண்டி, லௌதொக்கா, பா என்ற ஊர்களும், வனுவா லெவுவில் லம்பாசா என்ற ஊரும் கரும்பால் வளர்ந்தவை. ஹிங்குரானைப் பக்கம் கரும்பு வயல்களையும், சீனித் தொழிற்சாலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் உழவு இயந்திரங்களையும் பார்த்தவர்களுக்கு அந்த நிலக்காட்சி அந்நியமாக இராது.

தீவின் ஆதிக்குடிகள்

பிஜியின் பூர்வீக மக்கள் தம்மை 'இதௌக்கெய்' என்று அழைக்கிறார்கள். நிலத்துக்கு உரியவர்கள் என்பது அதன் கருத்து. ஏறக்குறைய 3,000 ஆண்டுகளுக்கு முன் அவர்களுடைய முன்னோர் தோணிகளில் வந்து குடியேறினார்கள். அவர்களுடைய மொழி ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. எமது நாட்டின் மலாயர் வீட்டில் பேசும் மொழியும் அதே குடும்பம்தான். மடகஸ்காரிலிருந்து ஹவாய் வரை பரந்திருக்கும் குடும்பம் அது.

அந்த மொழியை மிஷனரிமார் ஆங்கில எழுத்தில் எழுதியபோது ஒரு விசேட முறையைக் கையாண்டார்கள். 'டி' என்ற எழுத்து 'ண்ட' என்று ஒலிக்கும். 'பி' என்ற எழுத்து 'ம்ப' என்று ஒலிக்கும். 'கியூ' என்பது 'ங்க'. அதனால் வரைபடத்தில் 'நடி' என்று வாசிக்கும்படி எழுதப்பட்ட ஊரின் பெயர் உண்மையில் 'நண்டி'. ஆங்கிலேயர் இடறும் இடம் இது. தமிழ் வாசகருக்கு அது அவ்வளவு புதுமையாக இராது. மெல்லினத்துக்குப் பின் வல்லினம் மெலிந்து ஒலிப்பதை நாம் பாலர் வகுப்பிலேயே பழகிவிடுகிறோம்.

தீவுக்கூட்டத்தில் வேறு மக்களும் வாழ்கிறார்கள். வடக்கே உள்ள ரொத்துமா தீவினருக்குத் தனி மொழி உண்டு. ரம்பி என்ற தீவில் இருப்பவர்கள் பனாபா என்ற இன்னொரு தீவின் மக்கள். அவர்களுடைய சொந்தத் தீவை பொஸ்பேற் எடுப்பதற்காகத் தோண்டித் தீர்த்த பிரித்தானியர், 1945இல் அவர்களை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். இடம்பெயர்தல் என்ற சொல்லின் கனம் தெரிந்தவர்கள் பசுபிக்கிலும் இருக்கிறார்கள்.

இரு நாடுகளை ஆண்ட ஒரு தேசாதிபதி

1874 ஒக்டோபர் 10ஆம் திகதி பிஜியின் தலைவர்கள் தீவுகளைப் பிரித்தானிய முடிக்குக் கையளித்தார்கள். அடுத்த ஆண்டே அம்மை வகையான சின்னமுத்து நோய் பரவியது. அதற்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத மக்கள் ஏறக்குறைய 40,000 பேர் மாண்டார்கள். சனத்தொகையில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாத இழப்பு.

அந்த வேளையில் தேசாதிபதியாக வந்தவர் சேர் ஆதர் ஹமில்டன் கோர்டன். இலங்கை வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1883 முதல் 1890 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவரும் இவரே. பிஜியில் அவர் எடுத்த இரண்டு முடிவுகள் இன்றுவரை அந்த நாட்டின் அரசியலைத் தீர்மானிக்கின்றன.

ஒன்று, பூர்வீக மக்களின் காணியை வெளியார் விலைக்கு வாங்கக்கூடாது என்று தடுத்தது. மற்றையது, நோயால் நலிந்திருந்த அந்த மக்களைத் தோட்ட வேலைக்கு இழுக்காமல் விட்டது. ஆனால் நாட்டை நடத்தப் பணம் வேண்டும். பணத்துக்குச் சீனி வேண்டும். சீனிக்குக் கூலி வேண்டும். கோர்டன் அதற்கு முன் திரினிடாட்டிலும் மொரீசியஸிலும் தேசாதிபதியாக இருந்தவர். அங்கே இந்திய ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு கரும்புத் தோட்டங்கள் நடந்ததைப் பார்த்தவர். அதே வழியை இங்கும் திறந்தார்.

1879 மே 14ஆம் திகதி 'லியோனிடாஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 463 பேரைக் கொண்டுவந்து இறக்கியது. 1916 வரை 87 கப்பற் பயணங்களில் 60,000க்கும் அதிகமானோர் வந்தார்கள்.

சென்னையிலிருந்து போனவர்கள்

முதல் 24 ஆண்டுகளும் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்தே வந்தன. வந்தவர்கள் இன்றைய உத்தரப் பிரதேசம், பீகார் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். 1903இல்தான் சென்னைத் துறைமுகம் திறந்தது. அங்கிருந்து மொத்தம் 15,000 பேர் அளவில் சென்றார்கள். வட ஆற்காடு போன்ற தமிழ் மாவட்டத்தவர், தெலுங்கர், மலபார்க் கரையோரத்து மலையாளிகள் எல்லோரும் அதில் இருந்தார்கள். வடநாட்டவர் அவர்கள் அனைவரையும் 'மதராசி' என்ற ஒரே பெயரால் அழைத்தார்கள்.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகள். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ் என்று தாளில் இருந்தது. ஆனால் கொடுத்த வேலையை முடித்தால்தான் கூலி என்பதால், நோயாளியும் பலவீனரும் அந்தத் தொகையைக் கண்டதில்லை. 'அக்ரிமெண்ட்' என்ற ஆங்கிலச் சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆகியது. இன்றும் பிஜியில் அந்தக் காலத்தைக் கிர்மிட் காலம் என்றே சொல்வார்கள்.

அவர்கள் தங்கியவை லயன்கள். மலையகத்து லயன் அறைகளை அறிந்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்பதுதான் ஆட்சேர்ப்பின் விதி. அதனால் பெண்கள் பட்ட துன்பம் சொல்லி முடியாது. அந்தச் செய்தி இந்தியாவை எட்டியபோதுதான் பாரதியார் பிஜியின் கரும்புத் தோட்டப் பெண்களைப் பற்றிப் பாடினார். எதிர்ப்பு வலுத்தது. 1916இல் கப்பல்கள் நின்றன. 1920 ஜனவரி 1ஆம் திகதி எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் இரத்தாகின. வந்தவர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் அளவில் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

தமிழ் எப்படிப் போனது?

தமிழர் சென்ற எல்லா இடங்களிலும் மொழி அழியவில்லை. எமது மலையகத்தில் இருநூறு ஆண்டுகளாகத் தமிழ் நிற்கிறது. மலேசியாவிலும் நிற்கிறது. பிஜியில் மட்டும் ஏன் நிற்கவில்லை என்பதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, காலம். தமிழர் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்தின் பொது மொழி ஏற்கனவே உருவாகிவிட்டது. அவதி, போஜ்புரி முதலிய வடநாட்டுப் பேச்சுகள் கலந்து, ஆங்கிலச் சொல்லும் பிஜிச் சொல்லும் சேர்ந்து, 'பிஜி ஹிந்தி' பிறந்துவிட்டது. சர்தார் கட்டளையிடுவது அதில். கடையில் பேசுவது அதில். புதிதாக வந்தவர் பிழைக்க வேண்டுமானால் அதைப் படித்தாக வேண்டும்.

இரண்டாவது, ஆட்சேர்ப்பு முறை. மலையகத்துக்குக் கங்காணி ஒரே ஊரார், ஒரே உறவினர் கூட்டத்தைச் சேர்த்துக் கொண்டு வந்தார். கடல் கடப்பது ஒரு நாள் வேலை. ஊருக்குப் போய் வரலாம், பெண் எடுக்கலாம், புத்தகம் வாங்கி வரலாம். பிஜிக்குப் போனவர்களைத் தனித்தனி ஆளாகத் தரகர்கள் பிடித்தார்கள். தோட்டங்களுக்குப் பங்கிடும்போது அவர்கள் மேலும் சிதறினார்கள். கப்பல் நின்ற பின் ஊரோடு இருந்த தொடர்பும் அறுந்தது.

மூன்றாவது, தொகை. வந்த இந்தியரில் தென்னாட்டவர் நான்கில் ஒரு பங்கு. அந்தப் பங்குக்குள்ளும் தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று மூன்று மொழிகள். தமிழர் பக்கத்து வீட்டுத் தெலுங்கரோடு பேசவும் பிஜி ஹிந்திதான் உதவியது. பெண்கள் குறைவாக இருந்ததால் கலப்புத் திருமணங்களும் நடந்தன. தாயும் தந்தையும் வேறு வேறு மொழி பேசும் வீட்டில் பிள்ளை மூன்றாவது மொழியைப் பேசியது.

நான்காவது, பாடசாலை. இந்தியப் பிள்ளைகளுக்கான பாடசாலைகளில் ஹிந்தியே பயிற்று மொழியாக இடம்பிடித்தது. எழுத்தறிவு வந்தது. அது தமிழ் எழுத்தாக இருக்கவில்லை.

இவற்றில் எந்தக் காரணத்திலும் தமிழைத் தடை செய்த ஒரு சட்டம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எவரும் நூலகத்தை எரிக்கவில்லை. மொழியைப் பேசுவதற்கான இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இரண்டு தலைமுறையில் அது பாட்டியின் மொழியானது. மூன்றாவது தலைமுறையில் கோயிலின் மொழியானது.

சங்கம் எடுத்த முயற்சி

இதை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். ஒப்பந்தக் கூலியாக வந்த சாது குப்புசுவாமி என்பவர் 1926இல் நண்டியில் 'தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். தென்னாட்டு மொழிகளையும் பண்பாட்டையும் காப்பது அதன் நோக்கம். சங்கத்தின் வேண்டுகோளை ஏற்று 1937இல் இராமகிருஷ்ண மிஷனிலிருந்து சுவாமி அவினாசானந்தர் வந்தார். அவருக்குப் பின் சுவாமி ருத்ரானந்தர் வந்து பல்லாண்டுகள் கல்விப் பணி செய்தார்.

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் அதே மிஷனின் துறவியாக மட்டக்களப்பிலும் இந்தக் கரையோரத்திலும் பாடசாலைகளை வளர்த்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். அடிகளார் நட்ட பாடசாலைகளில் தமிழ் பயிற்று மொழியாக இருந்தது. சுற்றியிருந்த வயலும் கடையும் வீடும் தமிழ் பேசின. பிஜியின் சுவாமிகளுக்கு அந்தச் சூழல் வாய்க்கவில்லை.

சங்கம் இன்றும் இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட பாடசாலைகளை நடத்துகிறது. எல்லா இனப் பிள்ளைகளும் அவற்றில் படிக்கிறார்கள். லம்பாசாவில் தாதியர் பயிற்சிக் கல்லூரியும் அதற்கு உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டர் விடுமுறையில் சங்கத்தின் மாநாடு கூடும், உதைபந்தாட்டப் போட்டியும் நடக்கும். நண்டியில் உள்ள சிவசுப்பிரமணிய சுவாமி ஆலயம் தமிழ்நாட்டுச் சிற்ப முறையில் எழுந்து 1994இல் திறக்கப்பட்டது. கோபுரத்தின் வண்ணத்தைக் காணச் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள். கோயிலில் தமிழ்ப் பாடல் ஒலிக்கிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பேச்சு பிஜி ஹிந்தியில் நடக்கிறது.

முஸ்லிம்களுக்கும் இதுவே நேர்ந்தது. 2007ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிஜியின் மக்களில் ஏறக்குறைய 6 வீதமானோர் முஸ்லிம்கள். பெரும்பாலோர் வடநாட்டிலிருந்து வந்த ஹனபி மத்ஹபினர். மலபாரிலிருந்து சென்ற மாப்பிளா முஸ்லிம்கள் கல்முனை முஸ்லிம்களைப் போல ஷாபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். அவர்களுக்கு 'மவூனத்துல் இஸ்லாம்' என்ற சொந்த அமைப்பு உண்டு. மத்ஹபை அவர்கள் விடவில்லை. மலையாளம் அவர்களை விட்டுப் போய்விட்டது. நபிகள் நாயகத்தின் பிறந்த தினமும் தீபாவளியும் பிஜியில் பொது விடுமுறை நாட்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வழிபாட்டுச் சுதந்திரத்தில் அந்த நாடு குறை வைக்கவில்லை.

காணியும் ஆட்சியும்

மொழியைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் பிஜியின் கதை பாதிதான். கோர்டனின் சட்டத்தால் இன்று நாட்டின் காணியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இதௌக்கெய் குலங்களின் கூட்டுச் சொத்து. அதை விற்க முடியாது. கரும்பு செய்யும் இந்திய வம்சாவளியினர் குத்தகைக்காரர்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டம் 30 வருடக் குத்தகைக்கு வழி செய்தது. 1997 தொடக்கம் குத்தகைகள் முடிவடையத் தொடங்கின. பல குத்தகைகள் புதுப்பிக்கப்படவில்லை. மூன்று நான்கு தலைமுறை உழுத நிலத்தை விட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின.

பூர்வீக மக்கள் பக்கம் நின்று பார்த்தால் அந்தச் சட்டம்தான் அவர்களைக் காத்தது. பசுபிக்கிலும் அமெரிக்காவிலும் காணி இழந்து அழிந்த பூர்வீகக் குடிகள் எத்தனையோ. உழவன் பக்கம் நின்று பார்த்தால், வியர்வை சிந்திய மண் ஒருநாளும் அவனுடையதாகவில்லை. இரண்டு அச்சங்களும் உண்மையானவை. அந்த உண்மையை இரு தரப்பு அரசியல்வாதிகளும் தத்தமக்கு வசதியாகப் பயன்படுத்தினார்கள்.

1970 ஒக்டோபர் 10ஆம் திகதி நாடு சுதந்திரம் பெற்றது. அப்போது இந்திய வம்சாவளியினர் சனத்தொகையில் பாதிக்கு மேல். 1987இல் அவர்களுடைய ஆதரவோடு ஓர் அரசு அமைந்தது. ஒரு மாதம்தான். மே 14ஆம் திகதி, லியோனிடாஸ் கரைதொட்ட அதே நாளில், லெப்டினன்ட் கேணல் சித்திவேனி ரம்புக்காவின் படையினர் பாராளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து ஆட்சியைக் கைப்பற்றினார்கள். 1999இல் முதல் தடவையாக இந்திய வம்சாவளிப் பிரதமரானார் மகேந்திர சவுத்ரி. அடுத்த ஆண்டே மே 19ஆம் திகதி அவரும் அமைச்சர்களும் பாராளுமன்றத்தில் பணயக் கைதிகளாக்கப்பட்டு 56 நாட்கள் வைக்கப்பட்டார்கள். 2006இல் இன்னொரு இராணுவப் புரட்சி நடந்தது.

ஒவ்வோர் அதிர்ச்சிக்கும் பின் மக்கள் வெளியேறினார்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா. 2007இல் இந்திய வம்சாவளியினரின் பங்கு 37.5 வீதமாகச் சுருங்கியது. சிட்னியிலோ ஒக்லாந்திலோ வளரும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது பிஜி ஹிந்தியையும் மறந்துவருகிறார்கள். ஒரு குடும்பம் நூறு ஆண்டுகளில் இரண்டு மொழிகளை இழப்பதற்கு இது உதாரணம்.

2010இல் நாட்டின் பிரசைகள் அனைவரையும் 'பிஜியர்' என்று அழைக்கச் சட்டம் வந்தது. 2013ஆம் ஆண்டு அரசியலமைப்பு, எல்லா ஆரம்பப் பாடசாலைகளிலும் இதௌக்கெய் மொழியும் பிஜி ஹிந்தியும் கட்டாய பாடம் என்று சொல்கிறது. இரு இனமும் மற்றவரின் மொழியைப் படிக்க வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு. கூலிகளின் கொச்சை என்று இகழப்பட்ட பிஜி ஹிந்தி அரசியலமைப்பில் ஏறிவிட்டது. தமிழின் பெயர் அந்த வரியில் இல்லை. பேசுவோர் இல்லாத மொழிக்காக அரசியலமைப்பில் இடம் கேட்க ஆளிருக்காது.

2022 டிசம்பரில் அதே ரம்புக்கா தேர்தல் வழியாகப் பிரதமரானார். 2023 மே 14ஆம் திகதி, கிர்மிட் நினைவு நாளில், நல்லிணக்க ஆராதனை ஒன்றில் 1987இல் தான் செய்ததற்கு மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 36 ஆண்டுகள் கழித்து. அந்த மன்னிப்பால் குத்தகைப் பிரச்சினை தீரவில்லை, போனவர்கள் திரும்பவில்லை. ஆனாலும் செய்தவர் தன் பெயரைச் சொல்லி, செய்ததைச் சொல்லிக் கேட்ட மன்னிப்பு அது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களோடு வீதியோரம் குந்தியிருக்கும் எமது தாய்மாருக்கு அப்படி ஒரு சொல் இன்னும் கிடைக்கவில்லை.

எமது கரைக்கு என்ன?

பிஜித் தமிழரிடம் தெய்வம் இருந்தது, கோயில் இருந்தது, சங்கம் இருந்தது, பாடசாலைகள் கூட இருந்தன. இவை எதுவும் தமிழைத் தாங்கப் போதவில்லை. வீட்டிலும் சந்தையிலும் வகுப்பறையிலும் அந்த மொழி தேவைப்படவில்லை.

கல்முனைக் கரையில் மார்க்கத்துக்குத் தமிழ் கட்டாயமல்ல. ஆனாலும் முஸ்லிம்கள் அதை விடவில்லை. முன்னோர் மார்க்க அறிவைப் பரப்ப அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத்தமிழ் படைத்தார்கள். பெரியநீலாவணையின் நீலாவணனும், கல்முனைக்குடியின் எம்.ஏ.நுஃமானும், மருதமுனையின் மருதூர்க்கொத்தனும் சில மைல் தூரத்துக்குள் இருந்து ஒரே தமிழில் எழுதினார்கள். எமது அரசியலில் 'தமிழ் பேசும் மக்கள்' என்ற ஒரு சொல் உண்டு. பிஜியில் இனத்தைக் குறிக்கப் பூர்வீகத்தைச் சொல்வார்கள். இங்கே இரு சமூகங்களையும் சேர்த்துக் குறிக்கப் பேச்சைச் சொன்னார்கள். அந்தச் சொல்லை இரு பக்கத்து அரசியலும் தேய்த்துவிட்டது உண்மைதான். 1990இன் காயங்கள் இரு பக்கமும் ஆறவில்லை. பிரதேச செயலக எல்லை பற்றிய பிணக்கும் தீரவில்லை. இரு தரப்பும் மறுதரப்பைத் திட்டி எழுதும் முகநூல் பதிவுகளைப் பாருங்கள். அவையும் தமிழில்தான் இருக்கின்றன. சண்டையில் கூட மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத இரு சமூகங்கள் நாம்.

பிஜியில் நடந்தது இங்கே நடக்காது என்று இருந்துவிடவும் முடியாது. அதன் அறிகுறிகள் கண் முன்னே தெரிகின்றன. தென்பகுதி முஸ்லிம் பிள்ளைகளில் பலர் சிங்கள மொழியில் படிக்கிறார்கள். நகரங்களில் வசதியுள்ள தமிழரும் முஸ்லிம்களும் பிள்ளைகளை ஆங்கில மொழிப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள். அந்த மொழிகளைப் படிப்பதில் தவறில்லை. வீட்டிலும் அந்த மொழியே ஏறிக் குந்தும்போதுதான் பிஜியின் கதை தொடங்குகிறது. சிங்களத்தில் மட்டும் வரும் அலுவலகக் கடிதத்தை வாசிக்க ஆள் தேடும் மூதாட்டிக்கு, 1987இல் தமிழும் அரச கரும மொழியானது என்பது ஒரு தகவல் மட்டுமே. தமிழில் பதில் தாருங்கள் என்று எழுதிக் கேட்கும் ஒவ்வொரு விண்ணப்பமும் அந்த மொழிக்கு ஓர் இடத்தைக் காக்கிறது.

யுத்தம் எமது மக்களை ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் சூரிச்சுக்கும் சிட்னிக்கும் சிதறடித்தது. கல்முனையிலும் மருதமுனையிலும் தம்பிலுவிலும் மாலையில் தொலைபேசித் திரையில் பேரப்பிள்ளையின் முகம் பார்க்கும் அம்மம்மாமாரும் உம்மம்மாமாரும் எத்தனையோ பேர். சாப்பிட்டியா மகன் என்று இங்கிருந்து கேட்கிறார்கள். பிள்ளைக்கு விளங்குகிறது. பதில் ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ வருகிறது. கேள்வி விளங்கிப் பதில் வேறு மொழியில் வரும் அந்தத் தலைமுறை பிஜியில் 1930களிலும் 40களிலும் வளர்ந்தது. அதற்கடுத்த தலைமுறைக்குக் கேள்வியும் விளங்கவில்லை.

அங்கே தவறவிட்ட அந்தத் தலைமுறை எமக்கு இன்னும் கையில் இருக்கிறது. இன்று மாலை அழைப்பு வரும்போது, பதில் தமிழில் வரும்வரை கொஞ்ச நேரம் பொறுத்திருந்து கேளுங்கள்.